தண்ணீரை வெளியே இறைக்கிற ஊர்

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது இருபத்தெட்டு வயது. பெண் அமைந்தபோது முப்பத்தெட்டு. இடையில் இருந்த பத்து வருஷத்தில் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆத்தூர் வரைக்கும் நாங்கள் காபி குடிக்காத வீடு குறைவு. எல்லா வீட்டிலும் காபி நன்றாகத்தான் இருந்தது. "மாப்பிள்ளை என்னங்க பண்றாரு?" என்று கேட்பார்கள். "விவசாயமுங்க" என்பாள் அம்மா. அதோடு பேச்சு மழை பக்கம் திரும்பிவிடும். நாங்களும் இரண்டு வார்த்தை மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வருவோம்.

அப்பா காலமான பிறகு எங்களுக்கு மிஞ்சியது நாலரை ஏக்கர் செம்மண், எண்ணூறு அடியில் ஒரு போர்வெல், ஓட்டு வீடு, அம்மா, நான். மரவள்ளி போடுவேன். கிழங்கு முற்றியதும் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு லாரியில் போய்விடும். தண்ணீர் ஏறுகிற வருஷம் கொஞ்சம் மஞ்சள். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் எந்தப் பெண் வீட்டிலும் அதை யாரும் கேட்கவில்லை.

பள்ளிபாளையத்துத் தரகர் ஒருவர்தான் கேரளாப் பேச்சை எடுத்தார். அந்தப் பக்கம் தறிக்காரர்கள் நாலைந்து பேர் பாலக்காட்டிலிருந்து பெண் கட்டியிருந்தார்கள். இவர் சொன்ன பெண் பாலக்காடும் இல்லை, அதற்கும் தெற்கே, ஆலப்புழைக்குப் பக்கத்தில் குட்டநாடு. அவளுடைய சித்தி மகள், தங்கை முறை, ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள், அந்த வழியாக வந்த வரன்.

"பாஷை தெரியாத புள்ளையை வெச்சுட்டு நான் என்னத்தைங்க பேசறது?" என்றாள் அம்மா.

"பாஷை தெரிஞ்ச வீட்டுல எல்லாம் பேசிப் பார்த்தாச்சுங்களே" என்றார் தரகர்.

அம்மா எழுந்து போய் அவருக்குக் காபி கலந்தாள்.

சேலத்தில் ரயில் ஏறி, கோட்டயத்தில் இறங்கி, சங்கனாச்சேரி வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து படகில் போக வேண்டும் என்று சொன்னபோது அம்மா நின்றுவிட்டாள். பெண் பார்க்கப் படகில் போகிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. ஆனாலும் கிளம்பினோம். நானும் அம்மாவும் தரகரும் நர்ஸ் தங்கையும் அரசாங்கப் படகில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்ப்பலகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போவதுபோல அரட்டையடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் தென்னை, நடுவே ஆகாயத்தாமரை மிதக்கிற பச்சைத் தண்ணீர், மறுபடியும் தென்னை. எங்கள் தோட்டத்தில் காய்ந்து மொட்டையாக நின்ற பதினோரு தென்னைகள் நினைவுக்கு வந்தன. எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

பெண்ணின் வீடு ஒரு நீண்ட கரைமேல் இருந்தது. முன்வாசலைத் தாண்டினால் கால்வாய். கொல்லைப்புறம் போனால் கண்ணுக்கு எட்டியவரை நெல்வயல். அதில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. முன்னால் போய்ப் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்த கால்வாய்த் தண்ணீர் மேலே நின்றது. பின்னால் இருந்த வயல் அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடந்தது. கரை மட்டும் இல்லாவிட்டால் அத்தனையும் முழுகிவிடும். பெண் பார்க்க வந்தவன் வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடப்பதைப் பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மெலிந்த, கறுத்த, வெள்ளை மீசை வைத்த மனிதர். மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண்.

"எந்தா நோக்குன்னே?" என்று கேட்டார். என்ன பார்க்கிறாய் என்கிறார் என்று நர்ஸ் தங்கை எனக்குச் சொன்னாள்.

நான் வயலைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்து, கையால் அள்ளி வெளியே வீசுவதுபோலக் காட்டினார். இந்த நிலமே ஒரு காலத்தில் ஏரிக்கு அடியில் இருந்ததாம். கரை கட்டி, உள்ளே இருக்கிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்துவிட்டுத்தான் விதைப்பார்களாம். ஒவ்வொரு வருஷமும்.

"வெளியே இறைப்பீங்களா?" என்றேன். காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது.

எங்கள் ஊரில் எப்படி என்று அவர் கேட்டார். போர்வெல், எண்ணூறு அடி என்றேன். தங்கை மொழிபெயர்த்தாள். அவர் அவளைத் திருத்தினார். எட்டு அடி என்றுதான் மாப்பிள்ளை சொல்லியிருப்பார், நீ தப்பாகச் சொல்கிறாய் என்றார். மூன்று தடவை சொன்ன பிறகு என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையில்தான் சம்பந்தம் முடிவானது என்று நான் இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் பெண் ஒரு தட்டில் தம்ளர்களோடு வந்தாள். அம்மாவிடம் குனிந்து, "வெள்ளம் வேணோ?" என்றாள்.

அம்மா துள்ளி எழுந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, "வெள்ளமா? எங்கீங்க?" என்றாள்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், வெறும் குடிதண்ணீர் என்று விளக்கம் வருவதற்குள் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அம்மாவும் உட்கார்ந்து சிரித்தாள். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்களைத் தனியாகப் பேசவிட்டார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கயிறு திரிக்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். டிவி பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கே மழ உண்டா?"

"உண்டு" என்றேன்.

கல்யாணத்துக்காக நான் சொன்ன ஒரே பொய் அது.

*

கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது. சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டுவிட்டு, வெளியே போய் முணுமுணுத்தார்கள். நாலு மாதத்தில் அதுவும் ஓய்ந்தது.

ஓயாதது வீட்டுக்குள் தண்ணீர்ச் சண்டைதான். கால்வாயில் குளித்து வளர்ந்தவள் அவள். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல், இரண்டு தடவையும் தலைக்கு. எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வரும். அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக்கூட மாட்டுக்குத் தனியாக எடுத்து வைக்கிறவள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலில் இருந்தபடி எண்ணத் தொடங்குவாள். "ஏழு சொம்பு ஆச்சு. எட்டு." சத்தமாகவேதான் எண்ணுவாள்.

"மழ உண்டுன்னு சொன்னீங்க" என்பாள் மனைவி என்னிடம்.

"ஐப்பசியில வரும்."

"ஐப்பசி எப்போ?"

அப்போது சித்திரை.

ஆனி மாதத்தில் மேற்கே மேகம் திரண்டு வரும். அவள் ஆசையோடு வாசலுக்கு ஓடுவாள். அந்த மேகமெல்லாம் அவள் ஊர்ப் பக்கத்து மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் கையோடு எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். ஒருநாள் அவள் அப்பாவுக்குப் போன் செய்து அங்கே மழையா என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் போனை வெளியே நீட்டியிருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சல் எங்கள் வாசலில் கேட்டது. மனைவி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் கையை நிறுத்தினாள்.

"அதை அணைக்காத சாமி, இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா சொம்பு எண்ணுவது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

இருவரையும் நிஜமாகவே நெருக்கியது மரவள்ளிக் கிழங்கு. வந்த புதிதில் அவள் எங்கள் காட்டைப் பார்த்து, "இத்தன கப்பையா!" என்று கையைக் கொட்டினாள். அவர்கள் ஊரில் அதற்குக் கப்பை என்று பேர், சோற்றுக்குச் சமமான சாப்பாடு. ஒரு கிழங்கைப் பிடுங்கி, தோலை உரித்துக் கடித்தவள் உடனே துப்பினாள். மில்லுக்குப் போகிற ரகம். மாவு அதிகம், கசக்கும்.

"அதையெல்லாம் ஆரு திங்கறது? அது மில்லுக்குப் போறது" என்றாள் அம்மா.

முதல் ஓணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, மனைவி ஒரு கட்டு கப்பைக் குச்சியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். போர்வெல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை நட்டோம். பத்து மாதம் கழித்துக் கிழங்கை வேகவைத்து, சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகாயும் நசுக்கி எண்ணெய் விட்டு அம்மாவின் முன் வைத்தாள். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டாள். இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு என்னிடம், "இத்தன வருசமா இதை லாரியில ஏத்தி அனுப்பிட்டு நாம சும்மா இருந்திருக்கறோம்" என்றாள்.

சேகோ மில்லுக்கு முதன்முதலில் கிழங்கு வந்ததே கேரளாவிலிருந்துதான் என்று ஒரு மில்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார். பஞ்ச காலத்தில் திருவிதாங்கூர்ச் சனங்கள் உயிர் பிழைத்தது அந்தக் கிழங்கைத் தின்றுதான் என்று மனைவி சொல்வாள். அங்கே சோறாக இருந்தது இங்கே வந்து ஜவ்வரிசி ஆகிவிட்டது. அந்த வழியில் வந்தவள்தான் இவளும்.

*

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஓணத்துக்குச் சில நாள் முன்பு, அங்கே பெருமழை பிடித்தது. எங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். போன் வந்தது. மனைவி கேட்டாள், களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"வெள்ளம் கேறி" என்றாள்.

அன்றைக்கு அந்த வார்த்தைக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கரை உடைந்து வயலும் கால்வாயும் ஒன்றாகிவிட்டன. சனங்களையெல்லாம் படகில் ஏற்றிச் சங்கனாச்சேரிக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பா மட்டும் முகாமுக்கு வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை.

என் கூடப் படித்த நண்பன் ஒருவன் மினி லாரி வைத்து, வாரம் தவறாமல் கோட்டயத்துக்கு முட்டை ஏற்றிப் போகிறவன். பாதை மூடியதால் அந்த வாரம் போகாமல் நின்றிருந்தான். மழை கொஞ்சம் விட்டதும், "வாடா, போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்" என்றான். வெறும் வண்டியாகப் போக வேண்டாமென்று ஊரில் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து ஏற்றினார்கள். அரிசி, போர்வை, ரொட்டிப் பாக்கெட், தண்ணீர் கேன்.

தண்ணீர் கேனைப் பார்த்து அம்மா திகைத்தாள். "அத்தன தண்ணிக்குள்ள இருக்கறவங்களுக்கு நாம தண்ணியா கொண்டு போறது?"

"அம்மா, அங்கே குடிக்கற வெள்ளம் எப்பவுமே படகுலதான் வரும். சுத்தி இருக்கறதைக் குடிக்க முடியாது" என்றாள் மனைவி. அவள் வந்து மூன்று வருஷத்தில் இதை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

அம்மா உள்ளே போனாள். நாலு நாளைக்கு என்று பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கேனில் ஊற்றிக் கொண்டுவந்து தானும் ஒன்று ஏற்றினாள்.

கோயம்புத்தூரைத் தாண்டி, மலைக்கு நடுவே விட்ட வாசல் மாதிரி இருக்கிற பாலக்காட்டு வழியாகப் போனோம். ரோமாபுரிக் காசு எங்கள் பக்கத்து மண்ணில் கிடைக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கேரளக் கரையில் மிளகுக்காக இறங்கின காசு இந்த வாசல் வழியாகத்தான் கொங்குக்கு நடந்து வந்தது என்று வாத்தியார் சொல்வார். மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அப்பாவின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே வந்தாள்.

முகாமில் அரிசியையும் தண்ணீரையும் இறக்கிவிட்டு விசாரித்தோம். ஒரு அம்மாள், "அந்த மாட்டுக்காரரா? பாலத்து மேல இருக்கார்" என்றாள்.

சாலையில் நின்ற முழங்கால் தண்ணீரில் லாரியை மெதுவாக ஓட்டிப் போனோம். பாலம் மட்டும் தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் வரிசையாக மாடுகள், ஆடுகள், நாய்கள், கூடையில் கோழிகள். படகில் மனிதர்களை மட்டும்தான் ஏற்றுவோம் என்று சொன்னதால், மாடு வைத்திருந்தவர்களில் சிலர் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்களாம். தார்ப்பாய்க்குக் கீழே என் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் பசு. குட்டையான நாட்டு இனம், என் இடுப்பு உயரம்தான் இருக்கும்.

மனைவி ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டு அடித்தாள். நிஜமாகவே தோளில் இரண்டு அடி.

"மாமா, நம்மூட்டுக்கு வாங்க. தண்ணி வடிஞ்சதும் வந்துக்கலாம்" என்றேன்.

அவர் பசுவைப் பார்த்தார். "இவளெ விட்டிட்டு ஞான் வரூல்ல, மோனே" என்றார்.

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் பசுவைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். "முட்டையை விடக் கஷ்டமாடா இது? உடையற சாமானில்லையே" என்றான்.

முகாமிலிருந்து பாலத்துக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் பசுவைத் தொட்டுப் பார்த்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வைக்கோல் கிடைக்கவில்லை. ஈரச் சாக்கை விரித்து அதை ஏற்றினோம். மாமனார் முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்னால் பசுவோடு ஏறிக்கொண்டார். வாளையாறு தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

*

வீட்டு வாசலில் லாரி நின்று, பலகையை இறக்கி, பசு கீழே வந்ததும் அம்மா சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இது மாடுங்களா, கன்னுக்குட்டியா?"

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும், "அதே, அதே" என்றார். ஆமாம் ஆமாம் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் ஆறு எங்கே என்று கேட்டார். ஊருக்குக் கீழே கூட்டிப் போய் ஓடையைக் காட்டினேன். மணலும் சீமைக்கருவேலமும் கிடந்தன. ஒரு பிடி செம்மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கையைத் தட்டிவிடாமல் வீடுவரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஊர் மண் எப்போதும் கறுத்து ஈரமாகவே இருக்கும். காய்ந்த மண் விரல் சந்தில் வழிவது அவருக்கு அதிசயமாக இருந்தது.

குளிக்க அம்மா ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். விருந்தாளி என்பதால் நிரம்ப வைத்தாள். அவர் பாதி வாளியில் குளித்துவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பசுவின் முதுகில் ஊற்றித் தேய்த்துவிட்டார். மூன்று நாள் இது நடந்தது. நாலாம் நாள் குளியலறையில் இரண்டு வாளி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவர் இருந்த சமயத்தில்தான் எங்கள் பழைய போர் முற்றிலும் வற்றியது. புதுப் போர் போட திருச்செங்கோட்டு ரிக் வண்டியைச் சொல்லியிருந்தேன். வண்டி வந்த அன்று அவர் குடையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டார். இரும்புக் குழாய் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது. பாறை மாவு புகை மாதிரிக் கிளம்பி எல்லோரையும் வெள்ளையாக்கியது. நூறு அடிக்கு ஒரு தடவை என்னிடம் கையால் கேட்பார். நான் விரலால் காட்டுவேன். இரண்டு. மூன்று. ஐந்து. முகம் சுருங்கிக்கொண்டே போனது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி மொழிபெயர்க்க, ஒன்று சொன்னார். அவருடைய அப்பா கூலிக்காரர். ஏரியில் கரை கட்டுகிற காலத்தில், கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி அடியிலிருந்து சேற்றை வாரி மேலே கொண்டுவருவாராம். நாள் பூராவும் மூழ்கி மூழ்கிக் காது இரண்டும் கேட்காமல் போயிற்றாம். கட்டிய நிலம் வேறு ஒருவருக்கு. வெகு காலம் கழித்துத்தான் அதில் ஒரு துண்டு இவர் கைக்கு வந்தது.

"நான் அப்பாகிட்ட கத்திக் கத்தித்தான் பேசுவேன். அந்த மெஷின் சத்தத்துல இன்னிக்கு நீங்க எல்லாரும் கத்தறதைப் பாத்து, அப்பா ஞாபகம் வந்தது" என்று சொல்லச் சொன்னார்.

அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

எழுநூற்றி இருபதில் புகை நின்று சேறு வந்தது. பிறகு தண்ணீர் பீச்சியது. பெரிய தண்ணீர் இல்லை. ஆனாலும் எல்லோரும் கத்தினோம். மாமனார் குடையை வீசிவிட்டு நேராக அந்தச் சேற்றுக்குள் நடந்து போய், இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் குடித்தார். "நல்ல வெள்ளமாணு!" என்று என் முதுகில் தட்டினார். அவர் கை பட்ட இடத்தில் சட்டையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

*

ஐப்பசி பிறந்ததும் அவர் நிலை கொள்ளவில்லை. உடைந்த கரையைக் கட்டி முடித்துவிட்டார்கள், மோட்டார் போடப் போகிறார்கள், விதைப்பு நெருங்குகிறது என்று போன் வந்தது. பசுவைக் கூட்டிப் போக லாரிக்குச் சொல்லலாம் என்றேன்.

"அதை எதுக்கு அலைய வெச்சுட்டு? இப்பத்தான் சோளத்தட்டு திங்கப் பழகியிருக்குது. சினை வேற" என்றாள் அம்மா.

அவர் கொஞ்ச நேரம் பசுவின் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு கயிற்றை அம்மா பக்கம் நீட்டினார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி வாசலில் நின்ற என் பைக்கைத் துடைத்தேன்.

அவரோடு நானும் மனைவியும் போனோம். வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. ஒரு வாரம் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம். கட்டிலைப் புதிதாகப் போட்டோம். அந்த வாரம் முழுவதும் கரையின் கோடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மரப்பெட்டி வழியாக வயல் தண்ணீர் ஏறி, நுரைத்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது. இரவும் பகலும் ஓடியது. வேலை இல்லாத நேரமெல்லாம் நான் அங்கே போய் நின்றேன். என் போரில் ஒரு மாதம் வருகிற தண்ணீர் இங்கே ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. யாரோ சோற்றைக் கொட்டுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மாமனார் வந்து பக்கத்தில் நின்றார். இந்த மூன்று மாதத்தில் அவர் தமிழும் என் மலையாளமும் பாதி வழியில் சந்தித்திருந்தன.

"கஷ்டமா இருக்கா மோனே?"

"ஆமாங்க மாமா. இதெல்லாம் எங்க போகுது?"

"வா, காட்டறேன்" என்றார்.

மறுநாள் மூன்று பேருமாகப் படகிலும் பஸ்ஸிலும் தோட்டப்பள்ளிக்குப் போனோம். மலையிலிருந்து வருகிற ஆறுகளின் தண்ணீர் குட்டநாட்டில் தேங்கி, மிஞ்சியது இங்கே ஷட்டர் வைத்த நீளப் பாலத்துக்குக் கீழே கடலில் கலக்கிறது. கடல் ஏறினால் உப்பு உள்ளே வந்துவிடும், ஆறு ஏறினால் வயல் முழுகிவிடும். இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் திறப்பார்கள், மூடுவார்கள். அவர் விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். நான் பாதி கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது.

நாற்பத்தோரு வயதில் நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதாவது பெரிதாகத் தோன்றியது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் கேட்டது, "இத்தனையும் உப்பா?" என்று. மனைவி மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இறங்குங்க" என்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நிக்கறதுக்கு எதுக்கு நீச்சல்?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் தயங்கினேன். மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். எழுபது வயது மனிதரின் பிடி மாதிரி இல்லை அது. துடுப்புப் போட்டு இறுகிய கை. அப்பா செத்து அத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கையைப் பிடித்து எங்கேயும் கூட்டிப் போனதில்லை. "பேடிக்கண்டா மோனே, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே முழங்கால் அளவு கூட்டிப் போனார். ஒரு அலை வந்து திரும்பியது. காலுக்குக் கீழே மணல் நழுவியதும் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை. அடுத்த அலை கொஞ்சம் பெரிதாக வருவதைக் காட்டி, "அது வரட்டும்" என்றார். இருவரும் நின்றோம்.